ஊசிமுனை அறிவு: சிரங்கின் வரலாறும் வேப்பிலையின் சோதனையும்



இந்த ஆண்டு பண்டிதர் நினைவுச் சொற்பொழிவில் சிரங்கைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும், அழைப்பிதழ் அச்சிடும் பொறுப்பில் இருந்த தோழர் தொலைபேசியில் இரண்டு முறை கேட்டார்: "சிறகுங்களா, சிரங்குங்களா?" சிரங்குதான் என்றோம். இலக்கிய மேடைக்கு அது பொருந்துமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருந்தோம். அதை இங்கே சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

அயோத்திதாசப் பண்டிதரை (1845–1914) நாம் பௌத்தராக நினைவுகூர்கிறோம். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தவர், நம் வரலாற்றை நாமே வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று கொண்டாடுகிறோம். அவர் சித்த மருத்துவர் என்பதை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகக் கடந்துபோய்விடுகிறோம். காத்தவராயன் என்ற பெயரோடு பிறந்தவர், தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டவர் அவர். அந்தக் கல்விக்குள் மருத்துவமும் இருந்தது. பண்டிதர் என்ற சொல்லுக்கே தமிழ் வழக்கில் கற்றவர் என்றும் மருத்துவர் என்றும் பொருள் உண்டு. முடிதிருத்தும் தொழிலாளரையும் அதே சொல்லால் அழைத்தார்கள். அந்தச் சமூகத்துப் பெண்கள்தாம் ஊருக்கு மருத்துவச்சிகளாக இருந்தார்கள். ஊரே தொடத் தயங்கிய கைகள் ஊரின் குழந்தைகளை ஏந்திக்கொண்டன, நாடி பிடித்தன, புண்ணுக்கு மருந்து கட்டின. இந்த முரண்பாட்டை விளக்க நமக்கு வேறு புத்தகம் தேவையில்லை.

ஆகவே மருத்துவரான பண்டிதரின் நினைவாக ஒரு நோயைப் பற்றிப் பேசுகிறோம். அதுவும் நம்முடைய நோய். நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்து தங்கிய விடுதியிலிருந்து தொடங்கலாம்.

ஒரு கூடத்தில் நாற்பது பேர். பாய் போதாது, ஒரு பாயில் இருவர், மழைக்காலத்தில் ஒரு போர்வைக்குள் மூவர். விரலிடுக்கில் முதலில் வரும். பிறகு மணிக்கட்டு, அக்குள், இடுப்புக் கயிறு கட்டும் இடம், சொல்லக் கூசும் இடங்கள். பகலில் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். விளக்கணைத்துப் படுத்துக் கொஞ்சம் உடல் சூடேறியதும் தொடங்கும். நாற்பது பேர் இருட்டில் சொறியும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? இங்கே சிலர் தலையசைப்பதைப் பார்க்கிறோம். பள்ளியில் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவதற்கு அதுவரை சொல்ல முடியாத ஒரு காரணம் இருந்தது. சிரங்கு வந்தபின் சொல்லக்கூடிய காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. "குளிக்காத பசங்க" என்றார்கள். நாற்பது பேருக்கு ஒரே குழாய், அதிலும் காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மாதம் ஒருமுறை வெள்ளை மருந்து வரும். பால்போல இருக்கும் அந்த மருந்து, பட்ட இடமெல்லாம் எரியும். சொறிபவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் பூசுவார்கள். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், மறுபடியும் வரும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா வேப்பங்கொழுந்தையும் மஞ்சளையும் அம்மியில் வைத்து அரைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசி, காயும்வரை வெயிலில் உட்கார வைத்து, வெந்நீரில் குளிப்பாட்டுவார். பக்கத்து வீட்டு ஆயா குப்பைமேனி இலையையும் கல்லுப்பையும் கசக்கித் தேய்ப்பார். புங்க எண்ணெய்தான் மருந்து என்று வாதாடும் பெரியம்மா ஒருவரும் இருந்தார். விடுமுறை முடியும்போது உடம்பு தேறியிருக்கும். விடுதிக்குத் திரும்பிய மாதமே எல்லாம் பழையபடி ஆகிவிடும். அம்மாவின் மருந்து வெள்ளை மருந்தைவிட மேலா, கீழா, அல்லது இரண்டும் வீணா என்ற கேள்வி எங்களுக்குள் அப்போது விழுந்தது. சமூகவியல் படிக்கப் போன பிறகும் அது போகவில்லை. இன்று பேசப்போவது அந்தக் கேள்வியின் வரலாறு.

சிரங்கை உண்டாக்குவது ஒரு பூச்சி. நாம் பூச்சி என்று சொன்னாலும் அது எட்டுக்கால் கொண்ட உண்ணி இனம். பெண் பூச்சியின் நீளமே அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. தோலின் மேலடுக்குக்குள் வளை தோண்டிக்கொண்டே போய் முட்டையிடும். இது இன்று எட்டாம் வகுப்புப் பாடம். ஆனால் ஐரோப்பிய மருத்துவம் இதை ஏற்றுக்கொள்ள நூற்றைம்பது ஆண்டுகள் சண்டை போட்டது. அந்தச் சண்டையில் யாருடைய கண் முதலில் பார்த்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் அடிமைகளை அடைத்துவைக்கும் கொட்டடி ஒன்று இருந்தது. போரிலும் கடற்கொள்ளையிலும் பிடிபட்டவர்கள், பெரும்பாலும் வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள், அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள்; துடுப்புக் கப்பல்களில் அவர்களைக் கொண்டு துடுப்பு வலிக்கச் செய்தார்கள். 1687இல் ஜொவான்னி கொசிமோ பொனோமோ என்ற மருத்துவர், மருந்துக்கடைக்காரர் தியாசிந்தோ செஸ்தோனியோடு சேர்ந்து செய்த ஆய்வை, பிரான்செஸ்கோ ரெடி என்ற அறிஞருக்குக் கடிதமாக எழுதினார். சிரங்குக்குக் காரணம் கெட்ட ரத்தமோ பித்தமோ அல்ல, தோலுக்குள் இருக்கும் சிற்றுயிர்தான் என்பது கடிதத்தின் சாரம். நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த படமும் உடன் இருந்தது. இவ்வளவும் வரலாற்று நூல்களில் பெருமையாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நோய்க்கு இன்ன உயிரிதான் காரணம் என்று கண்டுகாட்டிய முதல் சான்றுகளில் ஒன்று என்பார்கள்.

ஆனால் அவர்களுக்கு எங்கே தேடுவது என்று எப்படித் தெரிந்தது? அதைக் கடிதமே சொல்கிறது. ஏழைத் தாய்மார்கள் சிரங்கு பிடித்த தம் குழந்தைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதையும், லிவோர்னோ கொட்டடியில் அடிமைகள் ஒருவருக்கொருவர் அதையே செய்துகொள்வதையும் பார்த்ததிலிருந்துதான் ஆய்வு தொடங்கியது. நம் வீட்டுத் திண்ணைகளில் பேன் பார்ப்பார்களே, அந்த மாதிரி. கண்டுபிடிப்பு மருத்துவர் பெயரில் நிற்கிறது. ஊசியைப் பிடித்திருந்த கைக்குப் பெயர் இல்லை.

பொனோமோவும் வெற்றி பெறவில்லை. போப்பாண்டவரின் மருத்துவரான லான்சிசி அவர் சொன்னதை முழுமையாக ஏற்கவில்லை, பொனோமோ அடங்கிப்போனார். உடம்பின் உள்நீர்கள் கெடுவதால்தான் சிரங்கு என்ற பழைய கொள்கை மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. பாரிஸ் நகரத்தின் செயின்ட் லூயி மருத்துவமனையில் 1812இல் காலெஸ் என்பவர் பூச்சியைக் கண்டதாக அறிவித்தார். பிறகு பார்த்தால் அவர் காட்டிய படம் பாலாடைக்கட்டியில் இருக்கும் பூச்சியின் படத்தைப் போல இருந்தது. ஊரே சிரித்தது. பூச்சி என்று ஒன்றே இல்லை என்று பெரிய பெரிய பேராசிரியர்கள் முடிவுகட்டினார்கள்.

1834 ஆகஸ்டில் அதே மருத்துவமனையில் ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர் எல்லோர் முன்னாலும் ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டினார். அவர் கோர்சிகா தீவிலிருந்து வந்தவர். அந்தத் தீவின் ஏழைப் பெண்கள் அப்படி எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர். பேராசிரியர்கள் தோற்ற இடம் எது என்று பாருங்கள். அவர்கள் கொப்புளத்தைக் கீறி அதன் நீரில் தேடிக்கொண்டிருந்தார்கள். பூச்சி கொப்புளத்தில் இருப்பதில்லை. அதிலிருந்து விலகி, வளையின் கடைசி முனையில் சிறு புள்ளியாக இருக்கும். இதைக் கோர்சிகாப் பெண்கள் அறிந்திருந்தார்கள். தங்கள் பிள்ளைகளின் தோலை இரவெல்லாம் பார்த்தவர்களுக்குத் தெரிந்த இடம் அது. நுண்ணோக்கி வாங்கப் பணம் இருந்தது, தேட வேண்டிய இடம் தெரியவில்லை. சமூகவியல் வகுப்பில் அறிவும் அதிகாரமும் என்று எங்களுக்குப் பல வாரம் பாடம் நடத்தினார்கள். இந்த ஒரு கதையைச் சொல்லியிருந்தால் போதும்.

அடுத்து 1941, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம். போர்க்காலத்தில் படையினரிடையே சிரங்கு பெருகியதால் அரசு கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளரை ஆய்வுக்கு அமர்த்தியது. மனச்சாட்சியின் காரணமாகப் போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் ஒரு வீட்டில் தங்கி, தங்கள் உடலைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். சிரங்கு வந்த படையினரின் உள்ளாடையை வெளுக்காமல் அணிந்தார்கள், அவர்கள் படுத்த கம்பளியில் ஆடையின்றிப் படுத்தார்கள். அப்படியும் மிகச் சிலருக்கே தொற்றியது. துணியைவிட உடலோடு உடல் ஒட்டிப் படுப்பதுதான் நோயைப் பரப்புகிறது என்று தெரிந்தது. நோயாளி ஒருவர் உடலில் சராசரியாகப் பதினோரு பெண் பூச்சிகளே இருக்கின்றன என்றும் மெல்லன்பி கணக்கிட்டார். இவ்வளவு அரிப்புக்கும் பதினோரு பூச்சி!

எங்களுக்கு அவருடைய இன்னொரு முடிவுதான் முகத்தில் அறைந்தது. முதல்முறை தொற்றும்போது ஏறக்குறைய ஒரு மாதம் வரை அரிப்பே இருக்காது. உடல் அந்தப் பூச்சிக்கு ஒவ்வாமை கொள்ள அவ்வளவு காலம் ஆகிறது. இரண்டாம் முறை தொற்றினால் ஒரே நாளில் அரிக்கும். எங்கள் விடுதியில் சொறிபவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் பூசினார்களே, அதே பாயில் படுத்த, இன்னும் சொறியத் தொடங்காத பையன்களின் தோலில் பூச்சி குடியிருந்தது. நாங்கள் குளிக்காததால் அல்ல, மருந்து கெட்டதாலும் அல்ல, பூசிய முறையால் நோய் திரும்பி வந்தது. அந்தப் புத்தகம் 1943இல் வெளிவந்தது. எங்கள் விடுதிக்கு அது நாற்பது ஆண்டுகள் கழித்தும் வந்து சேரவில்லை.

ஷெஃபீல்ட் இளைஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் சம்மதித்து வந்தவர்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ளவர்கள். வரலாற்றில் சோதனைக்கு உள்ளான ஏழை உடல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உரிமை இருந்ததில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தாவரங்களின் பக்கம் திரும்ப வேண்டும்.

எங்களை எரித்த அந்த வெள்ளை மருந்தின் பெயர் பென்சைல் பென்சோயேட். தொழிற்சாலை மருந்து என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அதன் மூதாதை ஒரு மரத்தின் பிசின். மத்திய அமெரிக்காவில் இன்றைய எல் சால்வடோர் நாட்டின் கடலோரக் குன்றுகளில், பட்டையைச் சுட்டுக் காயப்படுத்தி, கசியும் பிசினைத் துணியில் ஊறவைத்து எடுக்கும் வேலையை அங்குள்ள பழங்குடிகள் செய்தார்கள். ஸ்பானியர்கள் அதைப் பெரு நாட்டின் துறைமுகம் வழியாக அனுப்பியதால் 'பெரு பால்சம்' என்று பெயர் வந்தது. எடுத்தவர்களின் நாடு பெயரில்கூட இல்லை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பிசினைச் சிரங்குக்குப் பூசினார்கள். அதிலுள்ள முக்கியமான பொருள்களில் ஒன்றுதான் பென்சைல் பென்சோயேட். அதைத் தனியாகத் தயாரிக்கக் கற்ற பின், 1930களில் கோபன்ஹேகனில் பெருமளவில் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஷெஃபீல்டில் மெல்லன்பியும் அதைச் சோதித்தார். பிசினாகவே இருந்தபோது அது பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கியது. இன்றும் தோல் ஒவ்வாமைச் சோதனையில் பெரு பால்சம் ஒரு வழக்கமான பொருள்.

இப்போது மருத்துவர்கள் எழுதித்தரும் பெர்மெத்ரின் களிம்பின் கதையும் அப்படித்தான். அதன் மூலம் பைரெத்ரம் எனப்படும் ஒருவகைச் சாமந்திப்பூ. அந்தப் பூவின் பொடி பூச்சியைக் கொல்லும் என்பது பழைய அறிவு. ஆனால் வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு, பூவிலுள்ள மூலக்கூறைப் பார்த்து அதேபோல் வேறொன்றைச் செய்து, வெயிலில் கெடாதபடி மாற்றியது. அது 1973இல் வந்த பெர்மெத்ரின். ஆக, ஆங்கில மருந்து, நாட்டு மருந்து என்று நாம் போடும் கோடு இந்த நோயைப் பொறுத்தவரை அவ்வளவு நேரான கோடு அல்ல. இரண்டும் ஒரே செடியிலிருந்து புறப்பட்டவை. ஒன்று சோதனைச்சாலை வழியாகப் போய் அளவும் காலமும் எச்சரிக்கையும் எழுதிய குப்பியாகத் திரும்பி வந்தது. மற்றொன்று அம்மியிலேயே நின்றுவிட்டது.

அம்மியில் நின்றதை யாரும் சோதிக்கவே இல்லையா என்றால், சோதித்தார்கள். 1992இல் 'டிராப்பிகல் அண்டு ஜியாக்ரபிகல் மெடிசின்' என்ற இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்த விழுதை 814 பேருக்குப் பூசினார்கள். 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாள்களில் குணமடைந்தார்கள், தீய விளைவு எதுவும் காணப்படவில்லை என்று அது சொல்கிறது. முதன்முதலில் அதைப் படித்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அம்மியில் அரைத்தது ஆராய்ச்சி இதழில் ஏறிவிட்டது!

அந்த மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். பலரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். இந்த 97 விழுக்காட்டை மேற்கோள் காட்டாத மூலிகைக் கட்டுரை அரிது. ஆனால் தோழர்களே, நாம் கணக்குக் கேட்டுப் பழகியவர்கள். அது ஒரு முன்னோடி ஆய்வு. பாதிப் பேருக்கு விழுதும் பாதிப் பேருக்கு வேறு மருந்தும் கொடுத்து, யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு அல்ல. அப்படிப் பார்க்காமல் எதனால் குணமானது என்று எப்படிச் சொல்வது? விழுது பூசினால் பிறகு தேய்த்துக் குளிக்க வேண்டும். குளிக்கும்போது துணி மாற்றுவார்கள், பாயை வெயிலில் போடுவார்கள். சிரங்கில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் இருக்கும். பூச்சி சாகாமலே புண் ஆறியதுபோலவும் தெரியும். மஞ்சள் புண்ணை ஆற்றியிருக்கலாம், பூச்சி உள்ளே இருந்திருக்கலாம். அப்படியிருந்தால் அது மருந்து அல்ல, மறைப்பு.

ஒரு செடியின் சாற்றை முறையாகச் சோதிப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்கு அனுமதி கொடுங்கள். முதலில் பூச்சி வேண்டும். சிரங்குப் பூச்சியைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியாது. மனிதத் தோலை விட்டு விலகினால் சாதாரண அறையில் இரண்டு மூன்று நாளுக்குமேல் பிழைக்காது. ஆகவே முயல், பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது 'பொருக்குச் சிரங்கு' என்ற கடும் வகை வந்த நோயாளியிடமிருந்து எடுக்க வேண்டும். அந்த வகையில் பதினொன்று அல்ல, ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் பூச்சிகள் இருக்கும். எடுத்த பூச்சிகளை ஒரு தட்டில் சாற்றோடும், இன்னொரு தட்டில் சாறு கரைத்த வெறும் எண்ணெயோடும், மூன்றாவது தட்டில் பழகிய மருந்தோடும் வைத்து, மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்து, எத்தனை கால் அசைகிறது என்று எண்ண வேண்டும். பிறகு முட்டை. பூச்சியைக் கொல்லும் மருந்தெல்லாம் முட்டையைக் கொல்வதில்லை. மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். அதனால்தான் ஒரு வாரமோ இரு வாரமோ கழித்து மறுமுறை பூசச் சொல்கிறார்கள். இந்தப் படிகளையெல்லாம் தாண்டிய பிறகுதான் மனிதத் தோலுக்கு வர வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் டார்வின் நகர ஆய்வாளர்கள் 2004இல் தேயிலை மர எண்ணெயை இப்படிச் சோதித்தார்கள். நாம் குடிக்கும் தேயிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது வேறு மரம். பண்ட்ஜலங் பழங்குடியினர் அதன் இலையைக் கசக்கிப் புண்ணுக்கு வைத்தார்கள். 5 விழுக்காடு எண்ணெய் தட்டில் இருந்த பூச்சிகளை வெகுவாகக் கொன்றது. அதிலுள்ள டெர்பினென்-4-ஆல் என்ற பொருளே முக்கியக் காரணம் என்றும் பிரித்துக் காட்டினார்கள். நைஜீரியாவில் லிப்பியா என்ற செடியின் எண்ணெயைப் பென்சைல் பென்சோயேட்டோடு நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சீனாவில் வேப்பெண்ணெயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முயல்களிடமிருந்து எடுத்த சிரங்குப் பூச்சியை எந்தப் பகுதி கொல்கிறது என்று தேடினார்கள். வேம்பு நம் தெருவில் நிற்கிறது.

ஏன் சோதிக்க வேண்டும், இலைதானே, என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1981இல் 'லான்செட்' இதழில் மலேசியாவிலிருந்து மருத்துவர்கள் எழுதினார்கள்: சளிக்கும் இருமலுக்கும் என்று வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து, கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டன. தோலில் பூசுவது வேறு, புகட்டுவது வேறு என்பது உண்மை. ஆனால் சிரங்குப் புண் திறந்த புண். அதில் பூசுவது எவ்வளவு உள்ளே போகிறது என்பதையும் யாராவது அளந்துதான் சொல்ல வேண்டும்.

இங்கே இன்னொரு வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வாதாடியது, 1997இல் ரத்தானது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் 1994இல் கொடுத்த காப்புரிமையும் 2000இல் ரத்தானது. மேல்முறையீடு 2005இல் தள்ளுபடியானது. நல்ல வெற்றிகள்தான். நாமும் அன்று மகிழ்ந்தோம். ஆனால் மஞ்சள் வழக்கில் சான்றாகக் காட்டப்பட்டவை எவை? சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களும் கட்டுரைகளும். பின்னர் தொடங்கிய மரபறிவு மின்நூலகத்திலும் ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகியவற்றின் எழுதப்பட்ட நூல்கள்தாம் அடித்தளம். எழுதியது எதுவோ அதுவே சான்று. எழுதப் படிக்கத் தடுக்கப்பட்டவர்களின் அம்மிக்கும் ஊசிக்கும் நீதிமன்றத்தில் நாக்கு இல்லை. காப்புரிமையை எதிர்க்கும்போது 'நம் முன்னோர் அறிவு' என்றார்கள். அந்த 'நம்' என்பதற்குள் குப்பைமேனி கசக்கிய ஆயா இருக்கிறாரா?

இதைச் சொன்னவுடன் சில தோழர்கள், நம் பாட்டிகளின் மருத்துவத்தை நாமே மீட்டெடுப்போம் என்று கிளம்புவார்கள். அதிலும் எங்களுக்குத் தயக்கம் உண்டு. அந்த 1992 கட்டுரை, வேப்பிலை மஞ்சள் விழுது மலிவானது, எளிதில் கிடைப்பது, வளரும் நாடுகளின் கிராமத்தாருக்கு ஏற்றது என்கிறது. நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் 'கிராமத்தாருக்கு ஏற்றது' என்ற சொல் நமக்கு எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறது. ஊருக்குக் கிணறு, சேரிக்குக் குட்டை ஏற்றது என்றவர்களும் இப்படித்தான் பேசினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது, குட்டைத் தண்ணீரும் நல்லதுதான் என்று நிறுவுவதற்காக அல்ல. ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: வேப்பிலை வேலை செய்கிறது என்றால் அதற்கும் பெர்மெத்ரினுக்குப் பார்த்த அதே தராசில் எடை போட்டுக் காட்டுங்கள். நம் மக்களிடம் சோதிப்பதென்றால் ஷெஃபீல்ட் இளைஞர்களைப்போல வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கொடுத்துச் சோதியுங்கள். வேலை செய்தால் அதை எல்லோருக்கும் கொடுங்கள், நகரத்து மருந்துக்கடையிலும் வையுங்கள். வேலை செய்யவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஏழைகளுக்கு இது போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சிரங்கு சின்ன நோய் என்ற நினைப்பும் மாற வேண்டும். சொறிந்த புண்ணில் கிருமி நுழைந்து சீழ் பிடிக்கிறது. அந்தக் கிருமிகளில் ஒருவகை குழந்தைகளின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. உலகில் எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் 20 கோடிப் பேருக்குச் சிரங்கு இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் அதைச் சேர்க்கவே 2017 வரை ஆனது. புறக்கணிக்கப்பட்டவை பட்டியலிலும் இடம் இல்லாமல் இருந்த நோய்!

பிஜித் தீவுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. மூன்று தீவுச் சமூகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் வழக்கம்போல நோய் கண்டவருக்கும் அவரோடு பழகியவருக்கும் மட்டும் களிம்பு. இரண்டாவதில் அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் பெர்மெத்ரின் களிம்பு. மூன்றாவதில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை. அதைச் சாப்பிடக்கூடாத சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் களிம்பு. ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். முதல் இடத்தில் சிரங்கு 36.6 விழுக்காட்டிலிருந்து 18.8க்கு இறங்கியது. இரண்டாவதில் 41.7இலிருந்து 15.8. மூன்றாவதில் 32.1 விழுக்காடாக இருந்தது 1.9 ஆனது. அந்த மாத்திரையின் மூலமும் செடியல்ல, மருந்து ஆலையின் கற்பனையும் அல்ல. ஜப்பானில் ஒரு பிடி மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர். இதற்கிடையே பெர்மெத்ரினுக்குப் பூச்சி முன்போல அடங்கவில்லை என்று பல நாட்டு மருத்துவர்களும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். புது மருந்து தேடும் வேலை முடியவில்லை. வேம்பும் குப்பைமேனியும் புங்கும் இன்னும் வரிசையில்தான் நிற்கின்றன.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தோழர்கள் சிலரோடு ஒரு விடுதிக்குப் போயிருந்தோம். எது என்று இங்கே சொல்லத் தேவையில்லை. பாய்கள் மாறிக் கட்டில்கள் வந்திருந்தன, கட்டிலுக்கு இருவர். சமையல்கட்டுக்குப் பின்னால் சமையல்கார அக்கா ஒரு சின்னப் பையனை உட்கார வைத்து, விரலிடுக்கில் பச்சையாக எதையோ தடவிக்கொண்டிருந்தார். குப்பைமேனி. வாசனையிலேயே தெரிந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் மறைக்கப் பார்த்தார். நாங்களும் இதே பூச்சு பூசி வளர்ந்தவர்கள்தாம் என்றதும் சிரித்துவிட்டு, "இது கேக்குமாப்பா? படிச்சவங்க நீங்க சொல்லுங்க" என்றார்.

"இலைய அப்புறம் பாத்துக்கலாங்க்கா. ஆஸ்பத்திரியில களிம்பு கேளுங்க. ஆனா இவனுக்கு மட்டும் பூசாதீங்க. ஒரே நாள்ல எல்லாப் பசங்களுக்கும் பூசணும், சொறியாதவனுக்கும் சேத்து. மறுநாள் எல்லாத் துணியையும் வெந்நீர்ல போட்டு அலசி வெயில்ல காயவைக்கணும். ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் ஒருக்கா."

அவர் பையனின் கையை விடாமலே நிமிர்ந்து பார்த்தார். "அம்புட்டுத் துணிக்கும் தண்ணிக்கு எங்கப்பா போறது? மோட்டார் போயி எட்டு நாளாச்சு."